ஒரு பைசா இதழும் பூட்டிய ஆய்வுகளும்



2023 ஜனவரி 30 அன்று, நம் மாவட்டத்துத் தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் போலீஸ் பாதுகாப்போடு நுழைந்தார்கள். தலைமுறை தலைமுறையாக அவர்களை வெளியே நிறுத்தியது ‘வழக்கம்’ என்ற ஒற்றைச் சொல். அந்த வழக்கம் எப்போது வந்தது, யார் வகுத்தது என்று கேட்பவர் கையில் சான்று வேண்டும். சான்றுகள் பெரும்பாலும் ஆய்வு நூல்களிலும் ஆய்விதழ்களிலும் இருக்கின்றன. அவை நமக்கு எட்டுகின்றனவா?

இது பழைய கேள்வி. 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னை இராயப்பேட்டையிலிருந்து தொடங்கிய வார இதழின் பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. விலையையே பெயராக வைத்தார். பௌத்தம், மொழி, சாதியின் தோற்றம் பற்றிய ஆய்வுகள் கூலிக்காரரும் வாங்கக்கூடிய இதழில் வந்தன. 1914இல் அவர் மறைந்தபின் கல்விப்புலம் அவரை நெடுங்காலம் கண்டுகொள்ளவில்லை. இதழ்களைக் காத்து வைத்தவர்கள் அன்பு பொன்னோவியம் போன்ற நம்மவர்கள். அவை இருந்ததால்தான் ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவர முடிந்தது. பல்கலைக்கழகங்கள் அவரைப் பேசத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

ஏழை மாணவரின் இன்னொரு நூலகம் ஜெராக்ஸ் கடை. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடைமீது ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012இல் வழக்குத் தொடுத்தன. 2016 செப்டம்பர் 16 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டுக்குப் பின் 2017இல் பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றன. மாணவர்களும் ஆசிரியர்களும் அந்த வழக்கில் தங்களையும் சேர்த்துக்கொண்டு வாதாடினார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

2024 நவம்பரில் ஒன்றிய அரசு ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கும். நல்லதுதான். ஆனால் படிப்பை முடித்தவர், பாதியில் விட்டவர், களப்பணியாளர் ஆகியோருக்கு அதில் இடமில்லை.

ஆனாலும் திறந்த வாசல்கள் உண்டு. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ‘ஷோத்கங்கா’வில் இலவசமாக உள்ளன. பழந்தமிழ் நூல்களையும் இதழ்களையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் படிக்கலாம். அண்ணாமலையார் கோயில் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் 8ஆம் தொகுதியில் அச்சாகியுள்ளன. அது இணைய ஆவணக் காப்பகத்தில் கிடைக்கிறது. கட்டணம் கேட்கும் கட்டுரை என்றால், எழுதியவருக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். கட்டுரைக்காக அவருக்கு ஆய்விதழ் பொதுவாகப் பணம் தருவதில்லை. வாசகர் கேட்டால் பலர் மகிழ்ந்து அனுப்புகிறார்கள்.

எட்டிய பின்னும் ஒரு பூட்டு மிச்சமிருக்கிறது, அது ஆங்கிலம். அரசுக் கல்லூரியில் படிக்கும் தோழர்களே, உங்களுக்குக் கடவுச்சொல் இருக்கிறது. மாதம் ஒரு கட்டுரையைப் படித்து, அதன் சாரத்தைத் தமிழில் நான்கு பக்கம் எழுதி, உங்கள் தெருவில் வாசியுங்கள். அடுத்த முறை ‘வழக்கம்’ என்று யாராவது சொல்லும்போது, எந்த ஆண்டிலிருந்து என்று நம் தெருவில் ஒருவராவது கேட்க வேண்டும்.