எதிராளிக்கும் கார் கட்டித் தந்தவர்

கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் இருக்கும் கார் பந்தயத் தடத்தின் பெயர் கரி மோட்டார் ஸ்பீட்வே. அந்தப் பெயருக்கு உரியவரான பந்தய ஓட்டுநர் எஸ். கரிவர்தன் 1995 ஆகஸ்டில் சிறு விமானம் ஒன்று விழுந்து இறந்து ஏறக்குறைய எட்டாண்டு கழித்தே அது திறக்கப்பட்டது. வென்றவரைக் கூட்டம் கொண்டாடும்; அடுத்த பந்தயத்தில் வேறொருவரைக் கொண்டாடும். கரிவர்தனை மறக்காதவர்கள் அவரோடு மோதிய ஓட்டுநர்களும் அவர் காலத்து மெக்கானிக்குகளும்தான். பந்தய உலகில் இது அபூர்வம். அவர் ஜெயித்த பந்தயங்களை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. தன்னோடு மோதப் பிறருக்கும் வழி செய்தார் என்பதே காரணம்.

அன்றைய நிலைமையைப் பார்த்தால் இது விளங்கும். சென்னையை அடுத்த சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில், நல்ல பந்தயக் கார் வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். இறக்குமதி வரியோ கொஞ்சநஞ்சமல்ல. யாரிடம் பணம் இருந்ததோ அவர் கையில் வேகமும் இருந்தது. கரிவர்தன் 1980களின் பிற்பகுதியில், ஊரெல்லாம் ஓடிய மாருதி 800-இன் 796 சிசி இன்ஜினை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைக் கோவையில் கட்டினார். அதுதான் ஃபார்முலா மாருதி. எல்லாருக்கும் ஒரே இன்ஜின் என்றால், முந்துவது ஓட்டுபவரின் திறமை. பழுதானாலும் உதிரி பாகம் உள்ளூரிலேயே கிடைக்கும். பம்ப்செட்டும் மில் இயந்திரமும் செய்து பழகிய ஊரில் வார்ப்படச் சாலைக்கோ லேத் பட்டறைக்கோ பஞ்சமில்லை. அந்தக் கைத்திறனை அவர் பந்தயத்துக்குத் திருப்பினார்.

லட்சுமி மில் குடும்பத்துக்காரர், வசதி இருந்தது, செய்தார் என்று சிலர் சொல்லலாம். வசதி இருந்தது உண்மைதான். ஆனால் அந்த வசதிக்கு எளிதான வழி, தனக்கென ஒரு வெளிநாட்டுக் காரை வாங்கி எல்லாரையும் பின்னால் விடுவது. மலிவான காரைக் கட்டிப் பலரைத் தனக்குச் சமமாகத் தடத்தில் நிறுத்துவது, தன் அனுகூலத்தைத் தானே விட்டுக்கொடுப்பது. அவரை மறக்காதது நாற்பத்தொரு வயதில் போனதால் வந்த அனுதாபம் என்பார்கள் இன்னும் சிலர். அனுதாபம் சில ஆண்டுகள் தாங்கும். தலைமுறை கடந்து தாங்காது. அவர் கட்டிய காரோ அடுத்த தலைமுறைக்கும் உதவியது. ஊர்க்காரரான நரேன் கார்த்திகேயன் பந்தயத்துக்கு வந்ததும் ஃபார்முலா மாருதியில்தான். 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். நரேனின் திறமை நரேனுடையது. ஆனால் ஏறி உட்கார ஒரு கார் இல்லாவிட்டால் எந்தத் திறமையும் வெளிப்படாது. கரிவர்தனுக்குப் பிறகும் கோவை அந்த வேலையை விடவில்லை. ஊரின் எல்.ஜி.பி. நிறுவனத்தின் பெயர் தாங்கிய ஃபார்முலா கார்கள், சாலையில் ஓடும் கார்களின் இன்ஜினோடுதான் இன்றும் செட்டிபாளையத்தில் புதியவர்களைப் பழக்குகின்றன.