யாரும் போடாத பூட்டு

பூட்டுகளின் சரித்திரத்தை யாராவது எழுதினால், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வசித்த பில் ஸிம்மர்மனுக்கு அதில் தனி அத்தியாயம் ஒதுக்கவேண்டும் என்பேன். கம்ப்யூட்டரில் அனுப்பும் கடிதத்தை வழியில் எவரும் படிக்க முடியாதபடி பூட்டும் புரோகிராம் ஒன்றை அவர் 1991-ல் இலவசமாக வெளியிட்டார். 'ப்ரெட்டி குட் ப்ரைவஸி' என்று பெயர். ஒவ்வொருவருக்கும் இரண்டு சாவிகள். பூட்டும் சாவியை ஊருக்கெல்லாம் கொடுக்கலாம். திறக்கும் சாவி தன்னிடம் மட்டும் இருக்கும்.

அன்றைய அமெரிக்கச் சட்டப்படி இத்தகைய சங்கேத முறைகள் ஆயுதங்களோடு சேர்த்தி. புரோகிராமோ இணையத்தின் வழியே கடல் கடந்துவிட்டது. அனுமதியின்றி ஏற்றுமதி செய்தாரா என்று 1993-ல் ஸிம்மர்மன்மீது விசாரணை தொடங்கிற்று. 1995-ல் எம்.ஐ.டி. பிரசுரம் அந்தப் புரோகிராமைப் புத்தகமாகவே அச்சிட்டுவிட்டது! ஆயுதத்தைத் தடுக்கலாம், புத்தகத்தைத் தடுத்தால் பேச்சுரிமை என்னாவது? எழுதிப் பிழைக்கிறவனாகிய எனக்கு இந்தக் கட்டம் மிகவும் பிடிக்கும். 1996 ஜனவரியில், வழக்கே தொடராமல் சர்க்கார் விசாரணையைக் கைவிட்டது.

கதையானால் இங்கே 'சுபம்' போட்டிருப்பேன். சரித்திரம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. 1999-ல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் ஒரு சோதனை வருகிறது. பன்னிரண்டு பேரிடம் இந்தப் புரோகிராமைக் கொடுத்து, ஒன்றரை மணி நேரத்தில் ரகசியக் கடிதம் அனுப்பச் சொன்னார்கள். மூன்றில் ஒரு பங்கினரே சரியாகச் செய்தார்கள். மூன்று பேர் ரகசியத்தைப் பூட்டாமலே அனுப்பிவிட்டார்கள்.

2012 டிசம்பரில் எட்வர்ட் ஸ்னோடன், பெயரை மறைத்துக்கொண்டு, பத்திரிகையாளர் க்ளென் கிரீன்வால்டுக்கு எழுதினார். இந்த வகைப் பூட்டைப் போட்டுக்கொண்டால் முக்கியமான சேதி உண்டு என்றார். போடும் விதத்தையும் விளக்கி அனுப்பினார். வேலை மும்முரத்தில் கிரீன்வால்ட் அதைத் தள்ளிப்போட்டார். ஸ்னோடன் பிறகு, பூட்டைக் கையாளத் தெரிந்த லாரா பாய்ட்ரஸ் என்ற படத் தயாரிப்பாளரை நாடினார். சர்க்காரின் ஒற்றுவேலை 2013 ஜூனில் அம்பலமானது அதற்குப் பிறகுதான்.

சோம்பேறிகள் என்று இவர்களை ஏசலாமா? எனக்கு மனம் வரவில்லை. பூட்டைச் செய்தவர்கள் கள்வனை நினைத்த அளவு, கைநிறைய வேலையோடு வீடு திரும்பும் சொந்தக்காரனை நினைக்கவில்லை. 2016-லிருந்து வாட்ஸப்பில் எழுதும் ஒவ்வொரு கடிதமும் தானாகவே பூட்டிக்கொள்கிறது. கோடிக்கணக்கானவர்கள் சாவி என்று ஒன்று இருப்பதே தெரியாமல் அதை உபயோகிக்கிறார்கள். உரிமையைப் போராடி வாங்குவது ஒரு பாதி. அதை அவசரக்காரனுக்கும் எட்டும்படி செய்வது மறுபாதி. அந்த மறுபாதிக்கு இருபத்தைந்து வருஷம் பிடித்திருக்கிறது.