கரபெகிரும் இனோனுவும்

துருக்கிக் குடியரசின் தோற்றக் கதையை முஸ்தபா கெமால் முழுவதுமாக நிறைத்துவிடுகிறார். அவருடன் தோளோடு தோள் நின்ற காசிம் கரபெகிரையும் இஸ்மத் இனோனுவையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால் வேறொரு கதை தெரிகிறது. ஒருவர் 1882இல் இஸ்தான்புல்லில் பிறந்தவர், மற்றவர் 1884இல் இஸ்மிரில். இருவரும் எதிர்னேயில் இளம் அதிகாரிகளாகப் பணியாற்றிய நண்பர்கள்.

போர்க்களக் கணக்கில் கரபெகிரின் தட்டே தாழ்கிறது. 1919இல் கெமாலைக் கைதுசெய்யுமாறு இஸ்தான்புல்லில் இருந்த சுல்தானின் அரசு ஆணையிட்டபோது, எர்சுருமில் படையோடு இருந்த அவர் பணியவில்லை. மறு ஆண்டு கார்ஸ் நகரைக் கைப்பற்றினார். இனோனுவோ 1921இல் கிரேக்கப் படையை இருமுறை தடுத்து, அதே கோடையில் எஸ்கிஷெஹிரிலிருந்து பின்வாங்கவும் நேர்ந்தவர். அவருடைய மெய்யான வெற்றி 1923இல் லோசான் அமைதிப் பேச்சுவார்த்தையில் கிடைத்தது.

அரசியலில் தட்டு மறுபக்கம் சாய்ந்தது. 1924 நவம்பரில் கரபெகிர் தலைமையில் முற்போக்குக் குடியரசுக் கட்சி எதிர்க்கட்சியாகப் பிறந்தது. நாட்டின் கிழக்கில் எழுந்த ஷேக் சையித் கிளர்ச்சியை ஒட்டி 1925 ஜூனில் அதை மூடியது பிரதமர் இனோனுவின் அரசு. மறு ஆண்டு, கெமாலைக் கொல்லத் திட்டமிட்டதாகத் தொடரப்பட்ட இஸ்மிர் சதி வழக்கில் கரபெகிர் கைதானபோது, அவருக்காகத் தலையிட்டவரும் அதே இனோனுதான். தீர்ப்பாயம் இணங்கவில்லை; விசாரணைக்குப் பின்னரே கரபெகிர் விடுதலையானார். நட்பு அவ்வளவு தூரம்தான் சென்றது. 1933இல் கரபெகிரின் நினைவுநூல் பறிமுதலாகி எரிக்கப்பட்டபோதும் பிரதமர் இனோனுவே.

இசையிலும் இருவருக்கும் ஓர் உறவு உண்டு. கரபெகிர் வயலின் வாசித்தார். போரில் அநாதையான சிறுவர்களுக்காகப் பாடல்கள் இயற்றினார். இனோனு செலோ கற்றுக்கொண்டார். சேர்ந்து வாசித்தார்களோ என்னவோ!

கெமால் 1938இல் மறைந்து இனோனு அதிபரானதும் கரபெகிருக்கு நாடாளுமன்றக் கதவு திறந்தது. 1946இல் அவையின் தலைவரானார். 1948 ஜனவரியில் அப்பதவியிலேயே இறந்தார். பழைய நண்பரின் கட்சியை மூடியவர், அதற்குள் எதிர்க்கட்சிகளுக்கு இடம்கொடுத்திருந்தார். எதிர்க்கட்சி வேண்டும் என்று கரபெகிர் முன்பே சரியாகச் சொன்னார், இனோனு பின்னரே சரியாகச் செய்தார் என்பது என் கணிப்பு. செய்வதற்கான அதிகாரம் இனோனுவிடம்தானே இருந்தது.

1950 மே 14 தேர்தலில் தோற்ற இனோனு ஆட்சியை அமைதியாக ஒப்படைத்தார். கரபெகிரின் கட்சி ஆறரை மாதமே இருந்த எதிர்க்கட்சி வரிசையில், இனோனு பத்தாண்டு அமர்ந்தார்.