உருமறைக்கும் வண்ணமும் உருக்காட்டும் வண்ணமும்

மட்டக்களப்புக் கரைக்கு அப்பால், கடலடியில் ஐம்பது மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில், "ஹேர்மீஸ்" என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கின்றது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் அதனை மூழ்கடித்தன. அந்நிகழ்ச்சியைப் போர்த்தந்திர நோக்கில் எழுதியோர் பலர். கப்பல்களுக்குத் தீட்டப்பட்ட வண்ணத்தின் வரலாற்றோடு இணைத்து அதனை நோக்குதலும் பயனுடைத்து.

முதலாம் உலகப் போரில், 1917ஆம் ஆண்டு, ஜேர்மனிய நீர்மூழ்கிகள் பிரித்தானிய வணிகக் கப்பல்களைப் பெருந்தொகையாக அழித்தன. அவ்வேளை கடற்காட்சி ஓவியரான நோர்மன் வில்கின்சன் புதியதோர் உருமறைப்பு முறையை முன்வைத்தார். வானொளியும் கடல்நிறமும் கணந்தோறும் மாறுதலின் கப்பலை முற்றாக மறைத்தல் இயலாது. அது செல்லும் திசையையேனும் பகைவன் பிழைபடக் கணிக்கச் செய்யலாம் என்பதே அவர் கருத்து. லண்டன் றோயல் அக்கடமியிலே சிறு மரக் கப்பல்களிற் கோணற்பட்டைகளைத் தீட்டிச் சுழல்மேசையில் வைத்துப் பெரிஸ்கோப்பினூடாகப் பரிசோதித்தனர். தேர்ந்த கோலத்தின் வரைபடம் துறைமுகங்களுக்குச் சென்றது. அங்கு கப்பலின் பக்கங்களிற் சுண்ணக்கட்டியால் எல்லைக்கோடு குறித்து வண்ணம் நிரப்பினர். இம்முறை கப்பல்களைக் காத்தது என்பதற்கு முடிவான சான்று கிடைக்கவில்லை. ஆயினும் மாலுமிகளின் மனத்துணிவை அது வளர்த்தது என்பர்.

இக்கலை கடல்மட்டத்திலிருந்து நோக்கும் கண்ணை எண்ணி எழுந்தது. 1942இல் அக்கண் வானத்திற்குச் சென்றுவிட்டது. மேலிருந்து நோக்குவோனுக்குக் கப்பலின் பக்கத்து வண்ணம் புலப்படாது. அது பின்விட்டுச் செல்லும் நீண்ட வெண்ணுரைத் தடமோ எளிதிற் புலப்படும். தாக்குதல் நெருங்குவதறிந்து ஏப்ரல் 8ஆம் நாள் இரவு திருகோணமலையை நீங்கிய ஹேர்மீஸ், மறுநாட் காலை மீண்டும் வடக்கு நோக்கி வருகையில் யப்பானிய வேவு விமானமொன்றின் கண்ணிற்பட்டது. அதன் தளத்திற் போர்விமானங்கள் இருக்கவில்லை. 307 பேர் மாண்டனர். துணைசென்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலான "வம்பயர்" என்பதும் மூழ்கிற்று.

நீரிலே தத்தளித்த சுமார் 600 பேரைக் காத்தது "வீற்றா" என்னும் மருத்துவக் கப்பலாகும். மருத்துவக் கப்பல்கள் வெண்ணிறம் பூசிப் பச்சைப் பட்டை தீட்டிச் செல்லவேண்டும் என 1907ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை விதித்தது. ஏனைய கப்பல்கள் பகைவன் கண்ணுக்குத் தப்ப வண்ணம் பூசின. மருத்துவக் கப்பலோ அவன் கண்ணிற் படுதற்கென்றே பூசிற்று. அன்று யப்பானிய விமானிகள் வீற்றாவைத் தாக்கவில்லை.

ஆனால் வெண்மையே காவல் என முடிவுகட்டுதல் தவறாகும். 1943 மே 14ஆம் நாள் குயின்ஸ்லாந்துக் கரைக்கப்பால், விதிப்படி வண்ணம் தீட்டி விளக்கேற்றிச் சென்ற "சென்ரோர்" என்னும் மருத்துவக் கப்பலை யப்பானிய நீர்மூழ்கியொன்று மூழ்கடித்தது. 268 பேர் இறந்தனர். வண்ணம் வெறும் அறிவிப்பே. அதற்கு உயிரளிப்பது அதனைக் காண்போனின் மதிப்பாகும். மட்டக்களப்புக் கடலில் ஒருநாள் அம்மதிப்பு நிலைத்தது. அதனாற் பல நூறு உயிர்கள் கரைசேர்ந்தன.