சுவரின் ஈரம் யாருடைய பொறுப்பு?

பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பதைப் பண்டிகைக் கணக்கில் எழுதுகிறோம். அது பருவக் கணக்கும்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஊறிய சுவர் மார்கழியில்தான் காயத் தொடங்கும். அப்போது அடிக்கும் சுண்ணாம்பு கடும் காரம். பூசணம் அதில் எளிதில் பிடிக்காது. சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேறவும் அது வழிவிடும். சுண்ணாம்பு கரைத்து, சுவர் சுரண்டி, தரை மெழுகிய பெண்களின் வேலைக்குக் கூலியும் இல்லை, வரலாற்றில் இடமும் இல்லை.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரம் ஏரிப்பாசன பூமி. 1990களின் இறுதியில் ஹூண்டாய், 2006இல் நோக்கியா, தொடர்ந்து ஃபாக்ஸ்கான் என ஆலைகள் வந்தன. வேலை தேடி வந்த குடும்பங்கள் வரிசை வீடுகளில் குடியேறின. ஓர் அறை, ஒரு ஜன்னல். சமைப்பதும் துணி உலர்த்துவதும் குழந்தை தூங்குவதும் அதற்குள்தான். சுண்ணாம்பின் இடத்துக்கு வந்த பிளாஸ்டிக் பெயின்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவைத்தது. 2021 டிசம்பரில் விடுதி உணவு நஞ்சானதை எதிர்த்து ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்த பிறகே அவர்களின் தங்குமிடம் பொதுப் பேச்சானது. 2024இல் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. குழந்தைகளோடு வாடகை வீட்டில் இருப்பவளின் சுவர் அந்தப் பேச்சுக்குள் வரவில்லை.

அவளுக்குக் கிடைப்பது பழிதான்: "வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை." இங்கிலாந்தின் ராச்டேலில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தான். வீட்டுப் பூசணமே காரணம் என்று 2022இல் மரண விசாரணை சொன்னது. பெற்றோர் முறையிட்டிருந்தார்கள், வீட்டு நிறுவனமோ அவர்களின் வாழ்க்கைமுறையைக் குறைசொன்னது. 2023இல் அவன் பெயரால் அங்கே சட்டம் வந்தது.

பூசணத்தை நீக்கும் முறை எளிது. முதலில் ஒழுகும் குழாயையோ விரிசலையோ அடைக்க வேண்டும். இல்லையேல் அது திரும்ப வரும். குழந்தைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, என்95 முகக்கவசமும் கையுறையும் அணிய வேண்டும். காய்ந்த பூசணத்தைத் துடைப்பத்தால் தட்டினால் நுண்வித்துகள் அறையெங்கும் பரவும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்கு உலரவிட வேண்டும். பிளீச்சிங் பவுடரோடு கழிவறை ஆசிட்டைக் கலக்கவே கூடாது. நச்சான குளோரின் வாயு கிளம்பும். ஊறிப் பூசணம் பிடித்த பஞ்சு மெத்தையைத் தூக்கி எறிவதே நல்லது. பூசணத்தின் மேலேயே பெயின்ட் அடிப்பது அதை மறைக்கும், நீக்காது.

ஆனால் முதல் வேலையான விரிசல் அவள் கையில் இல்லை. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தம் வேறாகச் சொல்லாதவரை, கட்டடப் பழுதையும் வெள்ளையடிப்பதையும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பாகவே வைத்திருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லாத வரிசை வீட்டில் அந்த வரியைக் கேட்டுப் பெறுவது கடினம். துடைக்கும் துணியை அவள் கையில் கொடுத்த வரலாறு, இனி சாவியை வைத்திருப்பவரிடமும் கணக்குக் கேட்கட்டும்.