ஒரே அளவுப் படகு

நம்ம சங்கரன்கோவிலில் கடல் இல்லை. ஆனாலும் இன்று பாய்மரப் படகுப் போட்டியின் வரலாறு கொஞ்சம்.

அந்தக் காலத்தில் காசுள்ளவர் வேகமான புதுப்படகு கட்டிவிட்டால், மற்றவர் கரையிலேயே தோற்ற மாதிரிதான். இதை மாற்ற 1887இல் அயர்லாந்தின் டப்ளினில் 'வாட்டர் வேக்' படகு வந்தது. எல்லாருக்கும் ஒரே வடிவம், ஒரே அளவு.

பின்னாளில் அதே வழியில் வந்தது கனடாவின் புரூஸ் கிர்பி வடிவமைத்த லேசர் படகு. நீளம் சுமார் 4.2 மீட்டர். விதி வெளிப்படையாக அனுமதிக்காத எதையும் கூட்டவோ மாற்றவோ கூடாது. எடை குறைந்தவர்களுக்கு 'ரேடியல்' வகை: படகு அதுவேதான், பாய் மட்டும் 7.06 சதுர மீட்டருக்குப் பதில் 5.76, கம்பத்தின் கீழ்த்துண்டும் சிறியது.

இந்த ரேடியலில்தான் சென்னை நேத்ரா குமணன் 2021 ஏப்ரலில் ஓமனில் ஒலிம்பிக் தகுதி பெற்றார். பாய்மரப் படகில் அப்படித் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். டோக்கியோவில் 35ஆம் இடம், 2024 பாரிஸில் 21. முன்னேறியது படகல்ல, அவர்.

பள்ளிச் சீருடையும் இப்படித்தான். சட்டை ஒன்றானாலும் வீட்டில் படிக்க இடமில்லாத பிள்ளை உண்டு. படகு ஒன்றானாலும் பயிற்சிக்குக் காசில்லாத பிள்ளை உண்டு. விதி பாதி தூரம்தான் கொண்டுவிடும். மீதிக்கு நாம்தான் கைகொடுக்க வேண்டும், பிள்ளைகளே.