திருகோணமலைக்குப் பிந்தி வந்தவரின் படம்

கோணேசர் கோவிலுக்குப் போகும்போதெல்லாம் நாங்கள் பிரெட்றிக் கோட்டை வாசலால்தான் உள்ளே போகிறோம். மான்களைப் பார்க்கிறோம், படம் எடுக்கிறோம். ஆனால் இந்த ஊருக்காகச் சண்டை பிடித்த ஒரு மனிசனின் முகத்தை அண்மையில்தான் முதன்முதலாகப் பார்த்தோம். அதுவும் கைபேசித் திரையில்.

அவர் சேர் எட்வர்ட் ஹியூஸ், பிரித்தானியக் கடற்படைத் தளபதி. வரைந்தவர் யோசுவா றெனோல்ட்ஸ். அந்தக் காலத்து இங்கிலாந்தின் பெரிய மனிதர்கள் தங்களை வரைவிக்கத் தேடிப்போன ஓவியர். 1786-87 இல் வரையப்பட்ட இந்த முழு உருவப் படம் இப்போது இலண்டன் கிறீன்விச்சில், தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பருத்த உடம்பு, சரிகை வைத்த சீருடை, மார்பில் நட்சத்திரப் பதக்கம். பார்த்தால், எல்லாச் சண்டையையும் வென்ற ஆள் எண்டுதான் நினைப்பீர்கள்.

நடந்தது வேறு. வாடைக்காற்று தொடங்கினால் மதறாஸ் கரையில் கப்பல்கள் ஒதுங்க இடமில்லை. திருகோணமலையில் இருந்தது. அதனால்தான் இவ்வளவு போட்டி. 1782 ஜனவரியில் ஹியூஸ் இந்தத் துறைமுகத்தை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார். ஆகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரென் அதைப் பறித்துக்கொண்டார். மதறாசிலிருந்து ஹியூஸ் வந்து சேர்ந்தபோது கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. சில நாள்தான் பிந்தினார். செப்டெம்பர் 3 ஆம் திகதி கடலில் பெரிய சண்டை. இரண்டு பக்கமும் ஆட்கள் செத்தார்கள். முடிவு எதுவும் வரவில்லை. ஹியூஸ் துறைமுகம் இல்லாமலே திரும்பினார்.

சுப்ரெனையும் இத்தாலிய ஓவியர் பொம்பியோ பற்றோனி வரைந்தார். அடிபட்ட இரண்டு பேருக்கும் கம்பீரமான படம் கிடைத்தது, துறைமுகம் கிடைக்கவில்லை. சமாதானம் பேசியபோது திருகோணமலை மறுபடி ஒல்லாந்தர் கைக்குப் போனது. நாகப்பட்டினத்தைப் பிரித்தானியர் வைத்துக்கொண்டார்கள். 1795 இல் திரும்பி வந்து திருகோணமலையையும் எடுத்தார்கள். ஊரை மேசையில் வைத்துப் பங்கு போட்டவர்கள் ஊர்ச்சனத்தைக் கேட்கவில்லை.

ஒரே வருசத்தில் மூன்று கொடி பார்த்த அந்தச் சனம் இந்தப் படங்களில் இல்லை. அந்த செப்டெம்பரில் மீன்பிடிக்கப் போனது ஆர், கரையில் பயந்து நிண்டது ஆர் எண்டு றெனோல்ட்ஸின் தூரிகை சொல்லாது. ஒரு தளபதி தன்னை எப்படி நினைவில் வைக்கச் சொன்னார் என்பதை மட்டும்தான் அது சொல்லும். அதனால் இப்படியான படங்களை முகத்துக்காக மட்டும் பார்க்காமல், அதில் விடுபட்டதையும் தேடிப் பார்க்கவேண்டும் என்று நினைக்கிறோம்.

அடுத்தமுறை கோணேசர் மலையில் நிண்டு கடலைப் பாருங்கோ. அந்தச் சண்டை நடந்தது அங்கேதான்.